பாய்க்கு அடியில் வைத்த துணி

போன வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கோழிக்குழம்பு தின்றுவிட்டேன், சாமி. ஜெபமாலையும் சில நாள் சொல்லவில்லை. அதோடு, புதுத் துறைமுகம் திறந்த வருஷம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தெருவுக்குப் பிரசவம் பார்க்கிறவள். அன்று பிளாரன்சுக்கு வலி. நாள் தள்ளிப்போன சூல். அவள் புருஷன் இனிகோ சங்கு குளிக்கிறவன். அவன் முங்கும்போது படகில் நின்று அவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவள் தம்பி ஹென்றி. குளிக்கிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிப்பான். தன் அக்காள் தாலி அறுபட எவனும் விடமாட்டான் அல்லவா. இருவரும் கடலுக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள்.

நீர்க்குடம் உடைந்ததும் துணியைப் பார்த்தேன். பச்சையாக, கூழ்ப் பதத்தில். குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது. திணறுகிற பிள்ளைதான் அப்படிப் போகும். அதையே மூச்சோடு இழுத்தால் நெஞ்சடைத்துவிடும். ஆஸ்பத்திரி நர்சம்மா முன்பே சொல்லியிருந்தார்: "பச்சை கண்டா ஒடனே அனுப்பு. இங்க குழாய் வச்சு உறிஞ்சி எடுப்போம்."

தெரியாமல் செய்யவில்லை. அதற்குக் கொஞ்சநாள் முன்புதான் இதே தெரு முத்துக்கனியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். "விக்டோரியாவுக்குக் கைராசி போச்சுளா" என்று குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் மனுஷிதானே. துணியைச் சுருட்டிப் பாய்க்கு அடியில் வைத்தேன்.

ஹென்றி குரல் கொடுத்தான்: "அக்கா, டாக்சி பிடிச்சிட்டு வரட்டா? கயிறு அசைஞ்சா நாங்க யோசிக்க மாட்டோம், இழுத்துருவோம்."

"ஏலே, ஒன் கயித்தை நீ பிடி. இங்கன நான் இருக்கேன்."

ஆண் பிள்ளை. நகமெல்லாம் பச்சை. அழவில்லை. வாயைத் துடைத்தேன், முதுகைத் தட்டினேன். மூச்சு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். விலா ஒட்டி ஒட்டி, முனகி முனகி இழுத்தான். அப்போதும் அனுப்பியிருக்கலாம். "சளிதான், சரியாயிரும்" என்றேன். உதடு நீலமாகி, சாயங்கால மணி அடிக்கும் முன்னே மூச்சு அடங்கிவிட்டது.

"நான் ஏதும் தின்னதாலயாக்கா?" என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

அவள் அம்மா கடலோரத்துப் பாசியைப் பொறுக்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவந்தாள். "பாசிக்கஞ்சி குடிச்சியேளா, அந்தப் பச்சைதான்" என்றேன். ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் மனசு ஆறும் என்றுதான். அன்றிலிருந்து அவள் பெற்ற தாயோடு பேசுவதில்லை.

மன்னிப்பைச் சீக்கிரம் கொடுங்கள், சாமி. மனசு சுத்தமாக இருந்தால்தான் கை நடுங்காது. பிளாரன்சுக்கு மறுபடி வலி கண்டிருக்கிறது. என்னைத் தவிர யாரும் வேண்டாம் என்கிறாள். நீர்க்குடம் உடைந்ததும், ஒரு எட்டுக் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று வந்தேன். ஹென்றி வெளியே நிற்கிறான்.

நீர் கொஞ்சம் கலங்கல்தான். அந்த வீட்டில் வெளிச்சம் போதாது, சாமி. துணியைப் பாய்க்கு அடியில் வைத்திருக்கிறேன். போய் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.