குதி இல்லாத சொக்ஸ்

—இந்தச் சொக்ஸில குதி எங்க, ஒஸ்வால்ட்?

—பேர் சொல்லிக் கூப்பிடுறாய். அப்ப கோவமா இருக்கிறாய்.

—கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அரை மணித்தியாலமா இந்தக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு பிள்ளையளுக்கு எடுத்து எடுத்துக் குடுத்திட்டன். இப்பத்தான் ஒண்டை விரிச்சுப் பார்க்கிறன். குழாய் மாதிரி நேரா இருக்கு. குதிக்கால் வாற இடத்தில வளைவே இல்ல.

—இப்பத்தைய ஃபேஷன் அது.

—எங்க வாங்கினீங்க?

—புறக்கோட்டையில.

—எந்தக் கடையில?

—இஞ்ச பார் றோஸி, பாதர் வந்திட்டார். ரிப்பன் கட்டுறாங்கள். பிள்ளையள் ஐஸில இறங்கப் போகுதுகள். இந்த நேரத்தில உனக்கு என்னத்துக்குக் கடை விலாசம்?

—எந்தக் கடை எண்டு கேட்டனான்.

—மெல்லக் கதை. கவுண்டருக்கு முன்னால சனம் நிக்குது.

—முப்பது வருஷமா உங்களோட மலர்ச்சாலை நடத்துறன். இந்தக் கொட்டாஞ்சேனையில எத்தினை பிரேதத்துக்கு என்ர கையால கடைசிச் சொக்ஸ் போட்டிருப்பன். நடக்கிற மனிசருக்குத்தான் குதி வேணும். படுத்திருக்கிறவைக்கு வேண்டாம். அதுக்கெண்டு தைக்கிற சொக்ஸை எனக்குத் தெரியாதா?

—சரி. சத்தம் போடாத.

—அப்ப இந்தக் கிளவுஸும்?

—ஓம்.

—மாதாவே.

—புதுசு றோஸி. எங்கட கடையில இருந்து வந்ததெண்டாலும் பெட்டி உடைக்காத புதுசு. ஒரு ஆளின்ர மேலயும் படேல்ல.

—செத்தவைக்கெண்டு தைச்ச சாமானை உயிரோட திரியிற பிள்ளையளுக்குப் போட்டாச்சு. அதுவும் என்ர கையால. என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னீங்களா?

—சொன்னா நீ வந்திருக்க மாட்டாய்.

—வந்திருக்க மாட்டன்தான். வீட்டில இருந்திருப்பன். மானத்தோட இருந்திருப்பன்.

—நான் என்ன செய்ய? கார்த்திகன் கனடாவில இருந்து வந்து, பழைய தேங்காய் எண்ணெய் ஸ்டோர்ஸை வாங்கி, எங்கட பிள்ளையளும் ஒருக்கா ஐஸில சறுக்கட்டும் எண்டு இவ்வளவையும் கட்டினான். குளிராக்கிற மெஷின் வந்தது. கத்தி பூட்டின சப்பாத்து எல்லா அளவிலயும் வந்தது. சொக்ஸையும் கிளவுஸையும் மட்டும் ஒருத்தனும் யோசிக்கேல்ல. அங்க அது எல்லார் வீட்டு அலுமாரியிலயும் கிடக்குமாம். கொழும்பு வெயிலில எந்தப் பிள்ளையிட்டக் கிளவுஸ் இருக்கு?

—எங்கட கடையில இருக்கு.

—பகிடி பண்ணாத.

—நான் பகிடி பண்ணேல்ல. இந்தக் கொழும்பில கிளவுஸ் போடுறவை ஆர் எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும்தானே தெரியும்.

—வெறுங்கையோட விழுந்தா பின்னால வாறவன்ர கத்தி விரலில ஏறுமாம். கிளவுஸ் இல்லாத பிள்ளையை இறக்க மாட்டன் எண்டு கார்த்திகன் சொல்லிப்போட்டான். போன ஞாயிறு கூட்டத்தில எல்லாரும் தலையில கையை வச்சுக்கொண்டு இருந்தினம். பிள்ளையளுக்குச் சொல்லியாச்சு, திகதியும் குறிச்சாச்சு. நான் பின் கதிரையில இருந்து எழும்பி, நான் கொண்டு வாறன் எண்டன்.

—ஏன் எழும்பினீங்க? உங்களை ஆர் கேட்டது?

—ஆரும் கேக்கேல்ல.

—பிறகு?

—கை தட்டினாங்கள் றோஸி.

—அதுக்காகவா?

—எனக்குக் கை தட்டினாங்கள். உனக்கு விளங்குதா? நான் ஒரு வாசலில போய் நிண்டா, உள்ள சிரிச்சுக்கொண்டு இருக்கிற சனமும் வாயை மூடும். கலியாணத்துக்குக் காட் தருவினம், போனா என்ர மேசையில ஆரும் வந்து இருக்க மாட்டினம். என்ர கூட்டாளி கிறிஸ்ரியின்ர பேரனைத் தூக்கக் கையை நீட்டினன், பிள்ளைக்குப் பசி எண்டு உள்ள கொண்டு போயிட்டான். பிள்ளை அப்பத்தான் பால் குடிச்சு ஏவறை விட்டுக்கொண்டு இருந்தது. அப்பிடிப்பட்ட என்னைப் பார்த்து, ஒஸ்வால்ட் அங்கிள் இருக்கேக்க எங்களுக்கு என்ன கவலை எண்டு கார்த்திகன் மைக்கில சொல்லுறான். சனம் திரும்பிப் பார்த்துச் சிரிக்குது. நான் இருந்திட்டன்.

—எனக்கும் அப்பிடித்தானே. கிறிஸ்மஸுக்கு நான் தட்டில போட்டு அனுப்புற கேக் எங்க போகுது எண்டு தெரியாதெண்டு நினைச்சீங்களா? அடுத்த வீட்டுக் குப்பை வாளியில கண்டிருக்கிறன். கண்டும் அடுத்த வருஷமும் செய்து அனுப்பினனான்.

—சொல்லேல்லையே நீ.

—சொல்லி? இண்டைக்குத்தான் முதல் முதலா தாய்மார் என்ர கையில இருந்து ஒண்டை வாங்கிச் சிரிச்சினம். கிராண்ட்பாஸில இருந்து ஹபீலா எண்டு ஒரு தாய் வந்து, நீங்க செய்யிறது பெரிய நன்மை அன்டி எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லிட்டுப் போறா. நானும் பெருமையா நிண்டன், நல்ல சாறி வேற உடுத்திக்கொண்டு. இப்ப அவையின்ர முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்கு. எனக்கு இந்தக் கவுண்டருக்குக் கீழ பூந்து படுக்க வேணும் போல இருக்கு.

—எனக்கு மட்டும் வெட்கம் இல்லையா? புறக்கோட்டை முழுக்க அலைஞ்சனான். மோட்டார் சைக்கிள்காரரின்ர பெரிய கிளவுஸ்தான் தொங்குது. கடைக்கார மீரா சாஹிப் விழுந்து விழுந்து சிரிக்கிறார், இந்தப் புழுக்கத்தில பிள்ளைக்குக் கிளவுஸா எண்டு. வெள்ளிக்கிழமையாச்சு. கார்த்திகன் ஃபோன் எடுத்து, சாமான் ரெடியா அங்கிள் எண்டான். ரெடி எண்டு வாயில வந்திட்டுது.

—இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்.

—சொல்ல ஏலேல்ல.

—போய் இப்ப சொல்லுங்க.

—ஆருக்கு?

—கார்த்திகனுக்கு. பாதருக்கு. கழட்டச் சொல்லுங்க.

—சொன்னா ஒரு தாய் தன்ர பிள்ளையை ஐஸில விடுவாளா? இண்டைக்கு இல்ல, எண்டைக்கும் விட மாட்டாள். திறந்த அண்டே மூட வேண்டியதுதான். நாளைக்கு இந்தச் சனம் இதை ஐஸ் மண்டபம் எண்டு சொல்லாது, செத்த வீடு எண்டு சொல்லும். கார்த்திகன் அஞ்சு வருஷம் பாடுபட்டதை நான் ஒரு நாளில நாசமாக்கினதா இருக்கும்.

—ஆரும் கண்டுபிடிச்சா மட்டும் நாசமாகாதா?

—ஆர் கண்டுபிடிக்கிறது? சப்பாத்துக்குள்ள குதி தெரியுமா? கிளவுஸைப் பார்த்தா பள்ளிக்கூடத்தில பேண்ட் வாத்தியம் அடிக்கிற பிள்ளையள் போடுறது மாதிரித்தான் இருக்கு. கேள், ரிப்பன் வெட்டியாச்சு. இறங்கீட்டினம். எட்டிப் பார் ஒருக்கா. தடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நடுங்குதுகள். விழுந்து எழும்பிச் சிரிக்குதுகள். அந்தக் குண்டுப் பொடியன் விழுந்து எவ்வளவு தூரம் போறான் பார்.

—எனக்குப் பார்க்க ஏலாது.

—ஏன்?

—வெள்ளைக் கை. கீழ முழுக்க ஐஸ். எங்கட பின் அறைதான் ஞாபகம் வருது.

—அப்பிடிச் சொல்லாத.

—நீங்க நினைக்கேல்லையா?

—நினைச்சன். உனக்குக் காட்டேக்கயே நினைச்சன். அதுதான் இப்ப நான் அந்தப் பக்கம் பார்க்கேல்ல.

—கேளுங்க. மைக்கில உங்கட பேர் சொல்லுறான். மேடைக்கு வரட்டாம். பொன்னாடை போத்தப் போறானாம்.

—கேட்டது.

—போங்களேன். கை தட்டத்தானே ஆசைப்பட்டீங்க. தட்டுறாங்கள், போய் வாங்குங்க.

—நான் போகேல்ல றோஸி.

—அப்ப நில்லுங்க. ரெண்டு பேருமா இந்தக் கவுண்டருக்குப் பின்னால நிப்பம். வேலையா இருக்கிறார் எண்டு நினைக்கட்டும். வீட்டுக்குப் போன பிறகு உங்களோட கதைக்கிறன்.

—வீட்டை போய் எவ்வளவும் ஏசு. இப்ப கொஞ்சம் சிரிச்ச முகத்தோட நில். ஆரோ வாறா.

—அன்டி, இன்னும் கிளவுஸ் இருக்குதுங்களா? நாங்க லேட்டாகிட்டோம். முகத்துவாரத்துல இருந்து வாறோம், பஸ் ஒண்ணும் நிப்பாட்டல்ல. என்ட பேரு டில்ஷானி, மகள்ட பேரு லிஸ்ட்ல இருக்கு. றஷ்மி.

—முடிஞ்சுது மகள்.

—இந்தப் பெட்டியில இருக்கே அன்டி.

—அது கிழிஞ்சது. குடுக்க ஏலாது.

—புதுசு மாதிரித்தானே இருக்கு. கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல அன்டி, நான் தைச்சுக் குடுப்பேன். கிளவுஸ் இல்லன்னா இறங்க விட மாட்டாங்களாம். அந்தா பெஞ்சுல சப்பாத்தைக் கட்டிக்கிட்டு இருக்கா பாருங்க. ஒரு மாசமா இதே பேச்சுத்தான். ஐஸ்ல விழுந்தா அழக்கூடாதுன்னு பக்கத்து வீட்டு ஃபிரிஜ்ல கையை வச்சு வச்சுப் பழகினா. அவங்க கரண்ட் பில்லு கூடுதுன்னு ஏசினாங்க.

—றோஸி, இருக்குத்தானே, குடு. பிள்ளை பாத்துக்கொண்டு இருக்குது. இந்தா மகள், சின்ன சைஸ். சொக்ஸும் சேர்த்து வச்சிருக்கிறன்.

—தேங்க்ஸ் அங்கிள்.

—கெதியாப் போட்டு விடு. முதல் ரவுண்ட் முடியப் போகுது.

—சரி அங்கிள்.

—என்ன மகள், நிக்கிறாய்? அளவு சரியில்லையா?

—இந்தச் சொக்ஸ்.

—அது நீட்டுச் சொக்ஸ். மேல இழுத்து விட்டா சரியா வரும்.

—தெரியும் அங்கிள். இப்படி ஒண்ண நான் போட்டு விட்டிருக்கேன்.

—மகள், அதை இஞ்ச தா. நான் வேற ஏதும் பார்க்கிறன்.

—இருங்க அன்டி. அங்கிள், நீங்க மலர்ச்சாலை அங்கிள்தானே? இந்தத் தொப்பி போட்டிருக்கிறதால எனக்கு முதல்ல தெரியல்ல.

—ஓம் மகள். நான்தான்.

—என்ட மூத்தவன் ஜொனாதன். போன வருஷம் வைகாசியில, டெங்கு வந்து. சவப்பெட்டி உங்ககிட்டத்தான் எடுத்தோம்.

—ஓ. ஓம், ஓம். ஞாபகம் இருக்கு.

—அப்ப நான் கண் ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தனான் மகள். இல்லாட்டி உன்ர முகம் எனக்கு மறந்திருக்காது. என்னை மன்னிச்சுக்கொள். இது கடைச் சாமான்தான். எனக்கே இப்பத்தான் தெரியும். வேண்டாம் எண்டா வச்சிட்டுப் போ. மற்றத் தாய்மாருக்குச் சொல்ல வேணும் எண்டு நினைச்சாலும் சொல்லு, உன்னில நான் குறை சொல்ல மாட்டன்.

—பொறு றோஸி, பிள்ளையைப் பயப்படுத்தாத.

—இது வேற ஆளுக்குப் போட்டதாங்க அங்கிள்?

—சீ, சீ. மாதா அறிய இல்ல. இஞ்ச பார் மகள், நான் ஒளிக்காமச் சொல்லுறன். கடையில மேல் பலகைத் தட்டு அடிச்ச காலத்தில ஒரு கார்ட்போட் பெட்டி நிறையச் சின்ன சைஸா எடுத்து வச்சனான். நாலு வருஷமாக் கட்டுப் பிரிக்காமக் கிடந்தது. இந்தப் பிள்ளையளுக்காகத்தான், முந்தநாள் நானே ஏணி வச்சு ஏறி, முன்னுக்குக் கிடந்த சாமானெல்லாம் தள்ளி இறக்கினனான். அதில பிடிச்ச முதுகு இன்னும் விடேல்ல.

—நாலு வருஷமா கடையிலயே இருந்துச்சா?

—கடையிலதான். ஒரு இடமும் போகேல்ல.

—போன வருஷமும்?

—போன வருஷமும் அங்கதான். அதுதானே சொல்லுறன், ஒரு சோடிகூட நான் வெளிய எடுக்கேல்ல.

—இஞ்ச பாருங்க, போதும். கதைக்காதீங்க.

—நீ சும்மா இரு றோஸி. பிள்ளை பயப்படுது, தெளிவாச் சொல்லத்தானே வேணும். ஒரு பயமும் வேண்டாம் மகள், நம்பிப் போடலாம்.

—எனக்குப் பயம் இல்ல அங்கிள். ஜொனாதனுக்குச் சின்ன சைஸ் தாங்கன்னு உங்க கடைக்கு ரெண்டு தரம் வந்தேன், கொழும்புலயே இல்லன்னு சொல்லி அனுப்பினீங்க, பெரிய ஆளோட சொக்ஸை நுனி மடிச்சுப் போட்டு, கையை வெறுசா வச்சுத்தான் என்ட புள்ளைய மூடினேன்.