பேக்கரி வீட்டு நாய்க்குக் கோதுமை ஆகாது

பேக்கரிக்காரர்: ...அந்தச் சல்லடைய இப்படிக் குடு.

மனைவி: கடைச் சல்லடையா? தொட்டீங்கன்னா இருக்கு. அதுல ஒட்டியிருக்கற கோதுமையே போதும், துரை விடிய விடிய காதைப் பிறாண்டுவான்.

பேக்கரிக்காரர்: நாய்க்குத் தனிச் சல்லடை, தனித் தட்டு... எனக்குக்கூட இவ்ளோ மரியாதை இல்ல.

மனைவி: அவன் சொன்ன பேச்சக் கேக்கறான்.

பேக்கரிக்காரர்: மாவப் பாரு. அரிசி மாவும் பூசணியும்... பிசையப் பிசைய உதிருது. ஊருக்கே ரொட்டி போடற கை இது.

மனைவி: கோதுமை மாதிரி இழுபடுமா? இன்னொரு முட்டை ஊத்துங்க... ஏங்க, சர்க்கரை டப்பா எதுக்கு?

பேக்கரிக்காரர்: பழக்க தோஷம். ஒரு சிட்டிகை...

மனைவி: கீழ வைங்க.

பேக்கரிக்காரர்: வச்சாச்சு. காது இப்ப எப்படி இருக்கு?

மனைவி: புண்ணு காஞ்சிருச்சு. இந்த பிஸ்கட் ஆரம்பிச்சதுலேருந்து சொறியறதே இல்ல. முடிகூட முளைக்குது.

பேக்கரிக்காரர்: முளைக்கட்டும். போற எடத்துல அழகா இருக்கட்டும்.

மனைவி: ம்...

பேக்கரிக்காரர்: என்ன செய்ய? இங்க எங்க பாத்தாலும் மாவு. வர்றவன் போறவன் எல்லாம் ரொட்டி ஓரத்தப் பிச்சுப் போடறான். உன் தம்பி வீட்ல இருந்தா பொழச்சுக்குவான்னு நீதானே சொன்ன?

மனைவி: நானா? நீங்கதான் ஆரம்பிச்சீங்க. நான் சரின்னேன்.

பேக்கரிக்காரர்: நீ சரின்னதாலதான் நானும்... விடு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறானா?

மனைவி: வருவான்... இல்ல, வேலை இருந்தா அடுத்த வாரம். அவனுக்கு ஆயிரம் வேலை.

பேக்கரிக்காரர்: பாவம், அவசரப்படுத்தாத.

மனைவி: நான் எங்க அவசரப்படுத்தறேன்? ஆமா, கடைக்குப் போற வழில புதுசா ஒரு கதவு மாட்டியிருக்கீங்களே, எதுக்கு?

பேக்கரிக்காரர்: காத்து வருதுன்னு.

மனைவி: முட்டி ஒசரக் கதவு காத்த நிறுத்துமா?

பேக்கரிக்காரர்: நீ துரை போர்வையத் தொவச்சு நம்ம கட்டிலுக்கடியில விரிச்சிருக்கியே, அது?

மனைவி: காயட்டும்னு.

பேக்கரிக்காரர்: கட்டிலுக்கடியில... சரி, யாரோ தட்டறாங்க பாரு.

மனைவி: யாரு... டேய், நீ எங்கடா இங்க?

தம்பி: ஏன்க்கா, வரக்கூடாதா? வாசனை ஆளத் தூக்குது. சுட்டு ஆற வச்சதுல ஒண்ணு எடுத்துக்கறேன்.

மனைவி: அது நாய் பிஸ்கட்டுடா.

தம்பி: அதான் உப்புச் சப்பில்லாம இருக்கா?

பேக்கரிக்காரர்: மாப்ள... நீங்க துரையக் கூட்டிட்டுப் போகவா...

தம்பி: அட, இல்ல மாமா. காலைல நீங்க போன் பண்ணி, 'வராத, துரை எங்களோடயே இருக்கட்டும், அக்காகிட்ட மூச்சு விடாத'ன்னீங்க. போன வச்சு வாய் கொப்பளிக்கல, அக்கா கூப்பிட்டு அதையே சொல்லுது, 'மாமாகிட்ட மூச்சு விடாத'ன்னு. ஏன், நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?