நடுவராக வந்த நாக்கு

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே! மாவோடு மல்லுக்கட்டி, அனலோடு அல்லாடி, ஊர் கண் விழிக்கும் முன்பே ரொட்டி வாசத்தைத் தெருத்தெருவாகத் தூது அனுப்பும் என் தொழில் தோழர்களே! வாழ்த்த வந்திருக்கும் பெரியோர்களே! வரிசை வரிசையாக வீற்றிருக்கும் தாய்மார்களே! இந்த ஆள் எப்போது பேசி முடிப்பான், கேக்கை எப்போது வெட்டுவான் என்று மேசையையே முறைத்துக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நம் பேக்கரிக்காரர் சங்கத்தின் கேக் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தீர்கள். மூன்று கேக்கையும் ருசி பார்த்துவிட்டேன். வென்ற கேக் இந்த ஆண்டு முழுவதும் சங்கக் கடைகள் எல்லாவற்றிலும் விற்பனைக்கு வைக்கப்படும். சாதாரணப் பரிசா அது? வாழ்வைத் தூக்கி நிறுத்தும் பரிசு! முடிவைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சொல்ல வரவில்லை. குழம்பிப்போய் நிற்கிறேன்.

என்ன தம்பி சிரிக்கிறீங்க? கேக்கைத் தின்னதுக்கா குழப்பம்னு கேக்குறீங்களா? தின்னதால்தான்யா குழப்பமே!

சைக்கிளில் ரொட்டி விற்று மேலே வந்தவன் நான். அலங்காரம் செய்யும் முன்பு கேக்கின் ஓரங்களை வெட்டிச் சீராக்குவோம் அல்லவா? அந்த ஓரத் துண்டுகள் அத்தனையும் என் தனிச் சொத்து. மகிழ்ச்சியா, ஒரு துண்டு! மனவருத்தமா, இரண்டு துண்டு! ஒன்றுமே இல்லையா, சும்மா இருக்கிறோமே என்று இன்னொரு துண்டு! கடைசியில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க கேக்கு விக்கிறீங்களா, இல்ல நீங்களேதான் வாங்குறீங்களா?"

அன்றோடு என் தட்டு மாறியது. காய் வந்தது, கீரை வந்தது, பயறு வந்தது, பழம் வந்தது. முதலில் அழுதேன். பிறகு அடங்கினேன். பிறகு, எப்போது என்று தெரியவில்லை, பழகிப்போனேன். ஆண்டுகள் ஓடின.

போன பிறந்தநாளுக்கு எங்கள் கடையின் உச்சமான கிரீம் கேக்கை மகள் ஊட்டிவிட்டாள். ஒரே வாய்! தொண்டையில் யாரோ அறைந்தது போல் இருந்தது. மனைவியைக் கேட்டேன்: "யாரு இவ்வளவு சர்க்கரையைக் கொட்டினது?"

"எப்பவும் போடுறதுதான். கேக்கு அங்கேயேதான் இருக்கு. உங்க நாக்குதான் வீடு காலி பண்ணிட்டுப் போயிருச்சு!"

என் கை தானாக நீண்டு ஓர் ஆரஞ்சை எடுத்தது. சுளையைக் கடித்தேன். ஆகா! சாறு தெறிக்க, புளிப்பும் இனிப்பும் போட்டி போட, கண்ணை மூடிக்கொண்டேன். மகள் பதறிவிட்டாள்: "பொறந்தநாளும் அதுவுமா ஆரஞ்சாப்பா? ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க?"

எது கொண்டாட்டம்? எது பத்தியம்? நேற்று எனக்குப் பரிசாக இருந்தது இன்று தண்டனை ஆகுமா? நேற்று தண்டனையாக இருந்தது இன்று பரிசு ஆகுமா? நான் மாறினேனா, ஏமாந்தேனா, தேறினேனா? சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை!

இன்றைய என் நிலை என்ன தெரியுமா? கடையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பழம் தின்கிறேன்! முன்பு மனைவிக்குப் பயந்து கேக்கை மறைத்தவன், இப்போது வாடிக்கையாளருக்குப் பயந்து ஆரஞ்சை மறைக்கிறேன். கேக் கடைக்காரனே கேக்கைத் தொடாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

இப்பேர்ப்பட்ட நாக்கைத்தான் நடுவராக உட்கார வைத்தீர்கள். முதல் கேக், மூன்று அடுக்கு சாக்லேட். இரண்டாவது, வெண்ணெய்ப் பூக்கள் பூத்த கேக். இரண்டும் அழகு! ஆனால் என் நாக்கு தண்ணீர் கேட்டது. மூன்றாவது, கேரட் கேக். தையல் வேலையை விட்டுவிட்டு வீட்டு அடுப்பில் கேக் சுட ஆரம்பித்திருக்கிறாரே, இதோ ஓரமாக நிற்கும் தங்கச்சி, அவர் செய்தது. கேரட் கேரட்டாகவே ருசித்தது. உலர்திராட்சை ஒவ்வொன்றும் வாயில் விளக்கேற்றியது. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன். முடிவு செய்துவிட்டேன், இதுதான் பரிசு என்று!

மேடைப் படியில் கால் வைக்கிறேன், தங்கச்சி ஓடி வருகிறார்.

"அண்ணே, என் கேக்கைப் போட்டியில இருந்து எடுத்துருங்க."

"ஏம்மா?"

"பதட்டத்துல சர்க்கரை போடவே மறந்துட்டேன். மிச்சத்தை இப்பத்தான் தின்னு பாத்தேன். சப்புன்னு இருக்கு."

"எனக்குத் தேனா இருந்துச்சேம்மா!"

"கேலி பண்ணாதீங்கண்ணே. கடை கடையா என் கேக்கு போகப்போகுதுன்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்."

யார் நாக்கு சரி என்று பார்த்துவிடலாம் என்று, தலைவரிடம் ஒரு துண்டு நீட்டினேன். அவர் முகம் போன போக்கை நீங்களே பார்த்தீர்கள்!

நான் வியாபாரி. ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறேன். பரிசை இந்தக் கேக்குக்குக் கொடுத்தால், நாளைக்கே எல்லாக் கடையிலிருந்தும் அது விற்காமல் திரும்பி வரும். முதல் நாளிலேயே தங்கச்சியின் பெயர் கெடும். கொடுக்காவிட்டால், என் நாக்குக்கு நானே துரோகம் செய்கிறேன். ஊர் நாக்கு பெரிதா, என் நாக்கு பெரிதா?

போட்டி ஊருக்கானது. ஆகவே பரிசு, பிள்ளைகள் கண்ணெடுக்காமல் முறைக்கும் சாக்லேட் கேக்குக்கு! கை தட்டுங்கள், மனமாரத் தட்டுங்கள்!

தட்டியாகிவிட்டதா? இப்போது ஒரு கேள்வி. டாக்டர் மிரட்டியோ, வீட்டம்மா விரட்டியோ, என்னைப் போல் நாக்கு மாறிப்போனவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். அதோ ஓர் அம்மா. அதோ பின்னால் இருவர். இன்னும் வருகிறதே! தலைவரே, நீங்களுமா? இப்பத்தானே முகத்தைச் சுளிச்சீங்க? என்னது, சம்சாரம் பாக்குறாங்கன்னு தூக்குறீங்களா? சரி சரி, தூக்கின கையை இறக்காதீங்க!

பார்த்தாயா தங்கச்சி? இவர்களுக்குக் கொண்டாட்டம் வேண்டாமா? இவர்களுக்கும் பிறந்தநாள் வராதா? என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டு இனி உன்னுடையது. இரக்கப்பட்டுத் தரவில்லை, விற்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். நாளைக் காலையில் கொண்டு வாம்மா. மறக்காமல் சர்க்கரையை மறந்துவிடு!

என்னம்மா கேக்குற? வேணும்னே மறந்தா அதே ருசி வருமான்னா? அது எனக்கும் தெரியலையேம்மா! சுட்டுப் பாத்துருவோம்.

குழம்பியவனின் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்ட தாய்மார்களுக்கும், தடுமாறியவனைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், பசியைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. கேக்கை வெட்டலாம், வாருங்கள். வணக்கம்!