நாற்பத்தோராம் வரி

ஐயா,

திருப்பத்தூர் அலுவலகத்தில் கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போகிற ஆள் நான் ஒருவன்தான். ஜீப் ஏன் தாமதமானது என்று நீங்கள் கேட்டதற்கும் ஒழுங்காகவே பதில் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் பிரசவ வலி கண்ட பெண்களுக்கு எங்கள் அறக்கட்டளை நர்ஸுடன் ஜீப் அனுப்புகிறது. நெல்லிவாசல்நாட்டுப் பணியாளர் சரிதா பெயர், கணவர் பெயர், நாடு மூன்றையும் செல்போனில் பதிவார்; மலையில் நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த பகுதி. டேட்டாபேஸில் நான் எழுதிய ஃபங்ஷன், அதாவது ஒரு சிறு நிரல், அந்தப் பெண்ணின் ஊரைக் கண்டுபிடித்து டிரைவருக்குச் சொல்லும். மலையில் வீட்டுக்கு வீடு சாமி பெயர் வைப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரே நாட்டில், வேறு வேறு ஊரில், இரண்டு வேடியப்பன்கள். இருவர் மனைவிக்கும் பெயர் செல்லி. ஒருத்தியை எதிர்பார்த்த ஃபங்ஷன் இருவரைக் கண்டதும் நின்றுவிட்டது; டிரைவருக்குத் தகவல் போகவில்லை. நின்றாலும் சரிதாவுக்கு ‘ஏற்கப்பட்டது’ என்றே காட்டும்படி எழுதியிருந்தேன். சிவப்பு எழுத்தைப் பார்த்தால் பணியாளர்கள் பயப்படுகிறார்கள்.

காலை ஒன்பது மணிக்குச் சரிதா போன் செய்தார்.

“புருஷோத்தமன் சார், செல்லிக்கு ரொம்ப முடியலீங்க. ஜீப்பு இன்னும் வர்ல. இன்னா ஆச்சுங்க?”

“ஏற்கப்பட்டதுன்னு வந்துச்சில்ல? வரும்மா.”

பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். கால் ஸ்டாக் முழுதாக இருந்தது. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது, எங்கே விழுந்தது, எல்லாம். விழுந்த இடம் என் ஃபங்ஷன், நாற்பத்தோராம் வரி.

டிரைவர் ராஜாக்கண்ணுவுக்கு உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள். எனவே முதலில் கால் ஸ்டாக்கை அழித்தேன். இனிமேலும் அது பதிவாகாதபடி மாற்றினேன். ‘பதிவில் தவறு: சரிதா’ என்பதை மட்டும் விட்டுவைத்தேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவசரமாகச் செய்கிற வேலை அல்ல அது.

பிறகு ராஜாக்கண்ணுவை அழைத்தேன். ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். செல்லி இறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. குழந்தையும்தான்.

சரிதாவின் வேலை போயிற்று. வேடியப்பன் அவர் வாசலில் நின்று, “பட்ச்சவள்னு நம்பினேன். எம் பொண்டாட்டி பேருகூட உனுக்கு ஒயுங்கா போடத் தெர்ல” என்றாராம். தான்தான் தவறாகப் பதிந்துவிட்டோம் என்று சரிதாவும் நம்புகிறார். அதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஃபங்ஷனைச் சரிசெய்துவிட்டேன், ஐயா. ஒரே பெயரில் இருவர் இருந்தால் இப்போது அது நிற்பதில்லை. பட்டியலில் முதலில் இருப்பவர் ஊருக்கு ஜீப்பை அனுப்பிவிடுகிறது. அதன் பிறகு ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.