ஓவிய வகுப்பைக் கொடுக்க ஒருபோதும் மறுக்காதவர்

வண்ணம் குழைத்தே வயது தேய்ந்தவரே! பட்டம் இன்றிப் பள்ளிப் படியேறிய பண்பாளரே! காத்திருப்பதில் கடலூர் மாவட்டமே காணாத பொறுமையாளரே! செம்மண்டலம் தந்த செம்மலே, ஓவிய ஆசிரியர் உத்திராபதி ஐயாவே, வணக்கம். தங்களை மேடையில் அமர்த்தி, தங்கள் கதையை அவையோருக்குச் சொல்கிறோம்.

ஐயாவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆசிரியராகும் ஆசை நிற்கவில்லை. ஓவியத்தில் லோயர், ஹையர் அரசுத் தேர்வுகளில் தேறி, கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றால் கல்லூரிப் பட்டம் இல்லாமலே பள்ளியில் நுழையலாம் என்று யாரோ சொன்னார்கள். அத்தனையும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். இலவு காத்த கிளி என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். "மூணு வருசத்துக்கு ஒருக்கா அட்டையப் புதுப்பிக்கிறதுதான் இவருக்குத் தீபாவளி" என்பார் துணைவியார் தில்லையம்மாள்.

அதுவரை தேவனாம்பட்டினத்துப் படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தார். சுனாமிக்குப் பின் வந்த புதுப் படகுகளில், அலை கொண்டுபோன பிள்ளைகளின் பெயர்களை எழுதியதும் அவர் கைதான். அந்த நாட்களில் அவர் வீட்டில் சோறு இறங்கவில்லை.

தலை முழுதும் நரைத்த பிறகு, 2006-இல், பணி ஆணை வந்தது. சிதம்பரத்தில் நம் பள்ளிக்குக் கலர் சாக்பீஸோடு வந்து சேர்ந்தார். முதல் வாரமே கணக்கு ஆசிரியை மாலதி வாசலில் வந்து நின்றார். "சார், போர்ஷன் முடியல. டிராயிங் பீரியட எனக்குக் குடுங்க."

"எடுத்துக்கோங்க டீச்சர். கணக்குதான முக்கியம்" என்று கரும்பலகையில் பாதி வரைந்திருந்த மயிலைத் தாமே துடைத்துக் கொடுத்தார்.

அடுத்து அறிவியல், பிறகு ஆங்கிலம். ஆண்டுகள் போகப் போக, கேட்பதைக்கூட விட்டுவிட்டோம். நேரே போய் நின்றோம். பொதுத்தேர்வு வந்தால் பெஞ்சுகளில் எண் எழுத மட்டும் ஐயாவைத் தேடினோம். அவரும் முகம் சுளிக்காமல் எழுதினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஐயாவுக்கு அந்த வாய் இல்லை.

ஓய்வு பெறும் நாள் நெருங்க, போன மாதம்தான் அவர் முதன்முதலாக ஒன்று கேட்டார். "கடைசி நாள் ஒரே ஒரு வகுப்பு முழுசா எடுத்துட்டுப் போறேன் சார்."

தலைமையாசிரியர் ஞானசேகரன் நெகிழ்ந்துபோனார். "எட்டாம் வகுப்பு, கடைசி பீரியட் ஒங்களுக்குத்தான். யாரும் வரமாட்டாங்க." ஐயா அன்றே கடைத்தெருவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு கிரேயான் வாங்கிவந்தார்.

இன்றைய பிரிவு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கோ கடைசி பீரியடில்தான் நேரம் ஒழிந்தது. விழாவை அப்போதே வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "எனக்காகத்தான நடத்துறீங்க, நான் எப்பிடி வேணாம்பேன்" என்றார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதோ தரையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். கழுத்து நிறைய மாலையோடு ஐயா அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தில்லை நடராசர் அருளால் அவர் நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறோம். வாழ்த்தி முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

சிதம்பரம்,
ஏப்ரல் 2012

அன்பு மாறாத
ஆசிரியர்கள், அலுவலர்கள்