பிரேக் படத்தில் இருக்கிறது

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளுக்கு உதவுமே என்று முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இடிக்கப்போவதாக அறிவித்து இன்னும் இடிக்காத ஓர் ஆறு மாடி வாகன நிறுத்தத்தில்தான் அந்தப் பிள்ளைகளை முதலில் பார்த்தேன். பதினான்கு பேர். தங்களுக்கு ‘நிக்காதவங்க’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும். நிற்க வேண்டுமானால் கால்களால் பெடலை இறுக்கிப் பிடித்துச் சறுக்கி நிற்க வேண்டும். அப்படியே மொட்டை மாடியிலிருந்து சரிவுப்பாதையில் வளைந்து வளைந்து இறங்குவார்கள். முதல் நாள் என்னை “அங்கிள், ஓரமா நில்லுங்க” என்றார்கள். ஒரு வருடத்தில் அண்ணா ஆனேன். அந்த உயர்வு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

நான் யாரையும் படம் எடுப்பதில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைப்பேன், வெளிச்சம் பார்ப்பேன். எங்கே, எந்த உடையில், எந்த நொடியில் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ஹேண்டில்பாரில் சின்ன ஸ்விட்ச் ஒன்றைக் கட்டிக்கொடுப்பேன். கட்டைவிரலால் அவர்களே அழுத்துவார்கள். அந்த நேரத்தில் நான் திரும்பி நின்றுகொள்வேன், என் பார்வை அவர்களை அதிகாரம் செய்யக்கூடாது என்பதற்காக. படத்தின் பின்பக்கத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே போகும்.

என் அக்காவிடம் இதை விளக்கியபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அதுங்களே எடுத்துக்குதுங்கன்னா நீ எதுக்குடா போற?” என்றாள். கலை தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கண்காட்சிக் கூடத்தின் பொறுப்பாளர் அம்மையாருக்கு ஒரே பார்வையில் புரிந்தது. இது படைப்பு அல்ல, உடன்படைப்பு என்றார். தேதியும் குறித்தார். ‘நிற்காத தலைமுறை’ என்று அழைப்பிதழ் அச்சானது.

அழைப்பிதழ் காய்வதற்குள் தலைமுறை நிற்கத் தொடங்கிவிட்டது. ஒருவன் பார்சல் நிறுவனத்தில் சேர்ந்து மோட்டார் வண்டிக்கு மாறினான். மொட்டையடித்திருந்தவள் கல்யாணத்துக்காக முடி வளர்த்தாள். கலகக்காரர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் வேலை கிடைப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஊசி மட்டும் மிஞ்சினாள். இருபத்திரண்டு வயது, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். கண்காட்சியின் பெரிய சுவரை அவளுக்காக ஒதுக்கியிருந்தேன்.

ஒருநாள் அவள் சைக்கிளில் பிரேக் இருந்தது.

நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளாகவே சொன்னாள்: “தங்கச்சிய முன்னாடி உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேண்ணா. பல் டாக்டர்கிட்ட வேலைக்கும் சேந்துட்டேன். இனிமே வரமாட்டேன்.”

கடைசியாக ஒரு படம் கேட்டேன். யோசித்தாள்.

“சரி. ஆனா பிரேக்கோடதான். அது படத்துல தெரியணும். இல்லன்னா கையெழுத்துப் போடமாட்டேன்.”

“உன் இஷ்டம்தானே” என்றேன். அது என் வழக்கமான பதில்.

ஞாயிறு காலை, பளிச்சென்ற வெயில். மூன்றாவது மாடி வளைவில் கேமராவை நிறுத்தினேன். அங்கே கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். ஊசி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு மேலே நான்காவது மாடிக்கு வந்தாள். ஸ்விட்ச் கட்டச் சொல்லிச் சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளத் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள்.

என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். பிரேக்கை நம்புகிற முகம் வேறு. பல் டாக்டரிடம் சேர்ந்த பெண்ணின் முகம் அது. எனக்கு வேண்டியது பழைய ஊசியின் முகம். பிரேக் படத்தில் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னாள். பிரேக் கைப்பிடியைத் தொடாமல் அங்கேயே விட்டேன். அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிரேக்கை இறுக்கினால் அழுந்தும்படி கைப்பிடிக்குள் இன்னொரு ஸ்விட்ச் வைத்தேன். கட்டைவிரல் ஸ்விட்ச் அவள் காட்ட நினைப்பதை எடுக்கும். இது அவள் மறைப்பதை எடுக்கும். மூன்று நிமிட வேலை.

கேமராவுக்கு இறங்கி வந்து, வழக்கம்போலத் திரும்பி நின்றேன்.

முதல் க்ளிக் நிதானமாக வந்தது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு மூச்சு விடாமல் பதினொன்று. மூன்று வருடத்தில் எவரும் இவ்வளவு ஈடுபாட்டோடு பங்கேற்றதில்லை என்று நினைத்தேன். அதன் பிறகு வந்த அமைதியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆம்புலன்சுக்குப் பேசியது, கீழே அவள் வந்து விழுந்த இடத்தருகே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாதான்.

பன்னிரண்டு படங்களையும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பெரிய சுவரில் மாட்டினோம். பின்பக்கத்தில் கையெழுத்துப் போட அவள் இல்லையே என்று தயங்கியபோது, அந்த வெறுமையும் ஒரு குரல்தான் என்று பொறுப்பாளர் அம்மையார் தைரியம் சொன்னார். ஊசியின் தங்கை, ஒன்பது வயது, கடைசிப் படத்துக்கு முன்னால் நகராமல் நின்றாள். அவளைக் கூட்டி வந்தவர் ஊசிக்குப் பிரேக் மாட்டிக்கொடுத்த சைக்கிள் கடைக்காரர். அவரும் நின்றார். பிரேக் கைப்பிடி ஹேண்டில்பாரோடு ஒட்டும்வரை அவள் இறுக்கியிருப்பதும், அதிலிருந்து கம்பி எதுவும் கிளம்பாததும் படத்தில் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. நல்ல லென்ஸ். அதனால்தான் இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருடம் பிரேக் இல்லாமல் ஓட்டியவள், கால்கள் மறந்திருக்காது என்று நினைத்தேன். இதுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். பின்சக்கரத்தையும் மாற்றிவிட்டாள், இப்போது அதில் பெடலை இறுக்கினாலும் சக்கரம் தன்பாட்டில் உருளும் என்று கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைகளின் சைக்கிள்கள் சத்தமே போடாது. அன்று அவள் தள்ளிக்கொண்டு வந்தபோது, பெடல் அசையாமல் இருக்க, பின்சக்கரம் மட்டும் டிக் டிக் என்று வந்தது. காலி மாடியில் நன்றாகவே கேட்டது. கம்பியைக் கழற்றும்போதும் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். மேலே என் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள். அவள் பெயர்தான் முதலில் வர வேண்டும். பன்னிரண்டையும் அழுத்தியது அவள்; நான் திரும்பித்தான் நின்றிருந்தேன்.