வின்னும் பல்லி வாலும்

அப்போ நாலு சாட்சி வெச்சு கேஸ உங்க பக்கம் திருப்பிட்டீங்கன்னு சொல்லுங்க சாமி. மாமரம் உங்க வேலிக்குள்ளயே வந்துட்டுது. அத இங்கிலீஷ்ல வின்னும்பாங்க. உத்தியோகமா? இல்ல சாமி, நெசவுதான். பிள்ளையார்பாளையம், பேரு தனசேகரன். இங்கிலீஷு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கத்துக்கினது. யேசுதாஸ் வாத்தியாருன்னு ஒருத்தரு. நல்ல மனுசன், நாங்க தூங்குனா கொரலத் தாழ்த்திக்குவாரு.

அவரு சொல்லுவாரு, ஓட்டத்துல முந்துனா வின்னு, கேஸு ஜெயிச்சா வின்னு, சண்டை போட்டு ஊரப் புடிச்சா வின்னு, ஆட்டுக்கெடா முட்டி ஜெயிச்சாலும் வின்னு, ஒருத்தர் மனசுல எடம் புடிச்சாலும் அதே வின்னு. வெள்ளக்காரன் சிக்கனத்தப் பாருங்க, ஒரே வேட்டியக் கட்டிக்கினு கண்ணாலத்துக்கும் போறான், கருமாதிக்கும் போறான். நான் எழுந்து கேட்டேன், சார், வின்ன சும்மா குடுக்கலாமான்னு. குடுத்தா அது வின்னு இல்லடா, எதிராளி நெசமாத் தோக்கணும்னாரு. அப்போ எனக்குப் புரியல.

இந்த மோட்டார்ல எங்க போறேனா? தாமலுக்குத்தான், மாமியார் வூட்டுக்கு. நீங்களும் தாமலா? ரொம்ப நல்லதாப் போச்சு.

விசேசம்லாம் ஒண்ணுமில்ல. வூட்டுல ஒரு சின்னத் தகராறு. பெருமாள் கோயில்ல தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இருக்குது பாருங்க, அதுல எதுக்கு வாலு நீளம்னு. நான் ஒரு பல்லி, எம் பொஞ்சாதி பொன்னியம்மா ஒரு பல்லி. யாரு எந்தப் பல்லியா? அத மட்டும் கேக்காதீங்க சாமி, அப்பறம் நீங்களும் ஒரு கட்சியாப் பூடுவீங்க.

இடுப்புல பட்டு நூலச் சொருவிக்கினு போனேன். எல்லாரும் பல்லியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க, நான் அளந்துக்கினு நின்னேன். பட்டாச்சாரியார் பாத்துட்டு, ஏம்பா, அதுக்கு சொக்காய் தெக்கப் போறியான்னாரு. தெச்சா தெச்சுட்டுப் போறேன்! ஒரு நெல்லு நீளம் என் பல்லிதான் ஜாஸ்தி. நூல எடுத்தாந்து தெருவுல வூடு வூடாக் காட்டினேன். வின்னு!

அவ என்னா சொன்னா தெரியுமா? சரி, ஜெயிச்சுட்ட இல்ல, அந்த ஜெயத்தையே சோறாக்கிப் போடச் சொல்லுன்னா. மூட்டையக் கட்டிக்கினு மோட்டார் ஏறிட்டா.

சோறு கெடக்குது சாமி, தறியே நின்னு போச்சு! கண்ணாலத்துக்கு நெய்யற கோர்வப் பொடவ, கரை வேற உடல் வேறயா நெய்து கோக்கறது. எடது கரையும் நடு உடலும் நான் போடுவேன், வலது கரைக்குப் பக்கத்துல குந்திக்கினு அவ ஊட நூலு நாடாவத் தள்ளுவா. ரெண்டு பேரு இல்லாம ஒரு வெரக்கட நவுராது. கண்ணாலப் பொண்ணுக்கு ஒத்தக் கரையோடவா குடுக்கறது? வேற ஆளா? எவனக் கூப்ட்டாலும் குந்துனதும் மொதக் கேள்வி, வாலு எவ்ளோ நீளம்னு.

போன வாரமே தாமலுக்கு வந்து அவளக் கூப்ட்டுப் பாத்தேன். நீதான் ஜெயிச்ச, கெளம்புன்னேன். பிச்ச போடறியா, நெசமாத் தோத்துட்டு வான்னு கதவச் சாத்திட்டா. யேசுதாஸ் வாத்தியாரு இவ கிட்டதான் பாடம் படிச்சிருப்பாரோ என்னமோ.

அதான் சாமி, வூடு ஏரிக்கரையோரந்தான், உங்களுக்கு ஒண்ணும் சுத்து இல்ல. நாமமும் குடையுமா உங்களப் பாத்தா யாரும் நம்புவாங்க. ஒரு வார்த்த சொன்னாப் போதும். அன்னிக்கு நான் கோயில்ல இருந்தேம்மா, உன் புருசன் அவன் பல்லிக்கு மட்டும் நூலத் தொய்ய உட்டு நீளத்தக் கூட்டி அளந்தான், கண்ணால பாத்தேன்னு. நூல் அளவுல தில்லுமுல்லுன்னா நெசவுக்காரனுக்கு அத விட அசிங்கம் கெடையாது. தெரு பூரா சொல்லிச் சிரிப்பா. சிரிச்சிக்கினே வந்து தறியில குந்துவா.

பொய் சாட்சியா? ஏன் சாமி, உங்க மாமரத்துக்கு வந்த நாலு பேரும் மரத்தப் பாத்தவங்களா?

தோ, ஏரி தெரியுது. எறங்குங்க சாமி, குடைய நான் எடுத்தாறேன்.